ஹெப்பற்றைற்றிஸ் சி வகுப்பு: இரண்டு சோதனையை எப்படி விளக்குவது?

வணக்கம். கிளிநொச்சி, தருமபுரம் பக்கம் சுகாதாரத் தொண்டர்களுக்கு, ஈரலைத் தாக்கும் வைரஸ் நோயான ஹெப்பற்றைற்றிஸ் சி பற்றி வகுப்பு எடுக்கிறேன். 22 பேர், அதில் சலூன் வைத்திருக்கும் தம்பிமார் இரண்டு பேர். இரண்டு வகுப்பு முடிந்தது, மூன்றாவது வருகிற சனிக்கிழமை, நான் ஒரே இடத்தில் மாட்டுப்பட்டு நிற்கிறேன்.

இரத்தத்தால் தொற்றும், தடுப்பூசி இல்லை, 8 முதல் 12 கிழமை மாத்திரை எடுத்தால் 95 வீதத்துக்கு மேற்பட்டோருக்குக் குணமாகும். இதெல்லாம் சரி, பிடித்துக்கொண்டார்கள். ஒரு பிளேட்டை இரண்டு பேருக்குப் பாவிக்கக் கூடாது என்று சலூன் தம்பியே எனக்கு முதல் எழும்பிச் சொன்னார். சிக்கல் பரிசோதனையில்தான். முதல் சோதனை, வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பிறபொருளெதிரியை மட்டும் பார்க்கும், வைரஸ் இப்போதும் உடம்பில் இருக்கிறதா என்பதை வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் ஆர்.என்.ஏ. சோதனைதான் சொல்லும், குணமான பிறகும் முதல் சோதனை பொசிற்றிவ் என்றே வரும். உடனே முன்வரிசை அக்கா, "அப்ப சுகமாகேல்லைத்தானே?" என்றார். மண்டபமே அவர் பக்கம்.

தமிழ்நாட்டுத் துண்டுப்பிரசுரம் கொடுத்துப் பார்த்தேன், மஞ்சள் காமாலை என்ற சொல்லிலேயே தடக்கினார்கள். அதையே எங்கள் ஊர்ச் சொல்லில் செங்கமாரி என்றால் பேச்சு கீழ்க்காய்நெல்லி மருந்துக்குப் போய்விடுகிறது. கரும்பலகையில் படம் கீறினேன். யானை காட்டுக்குள் போனாலும் அதன் காலடி வயலில் கிடக்கும் என்றேன், "மழை பெய்தா அழிஞ்சிடுமே தம்பி" என்றார் ஒரு ஐயா. அவர் சொன்னதும் நியாயம்தான். மண்டபத்தில் புரொஜெக்டரும் இல்லை, அச்சடித்த தாள்தான்.

இந்த இரண்டு சோதனைக்கும் உள்ள வித்தியாசத்தை எங்கள் ஊர்த் தமிழில் விளக்க, வகுப்பில் பாவித்துப் பலன் கண்ட படமோ உவமையோ யாரிடமாவது இருக்கிறதா?