ட்ரோன் ஈஎஸ்சி கண்ட்ரோல் லைனுக்குப் போதுமா?

லூப்64: "ட்ரோனுக்கு வாங்கின 40 ஆம்ப் ஈஎஸ்சியே போதும், கவர்னர் மோட் எல்லாம் காசு பிடுங்குற வேலை"ன்னு நேத்து ஒருத்தர் இங்க எழுதியிருந்தார். படிச்சதுலேர்ந்து பொறுக்கல. கண்ட்ரோல் லைன்னா, கம்பியில கட்டின மாடல் பிளேனை நடுவுல நின்னு கையால கட்டுப்படுத்தி நம்மளைச் சுத்திப் பறக்க விடுறது. ஈஎஸ்சி அதுல மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துற சர்க்யூட். புதுப் பசங்க இதை நம்பி, மாசக்கணக்கா பால்சா அறுத்து ஒட்டின பிளேனைத் தரையில குத்திடுவாங்க. சார்ஜ் முடிஞ்ச 4எஸ் லிப்போ, அதாவது நாலு செல் பேட்டரி, 16.8 வோல்ட். அஞ்சரை நிமிஷம் பறந்தப்புறம் லோடுல 14 கிட்ட நிக்கும். பிளேன்ல மோட்டாரை ஓட்டி நிறுத்துற டைமர் குடுக்குற த்ராட்டில் மாறாது, ஆனா ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை சுத்து) சரியும். கவர்னர் இருந்தா ஈஎஸ்சி தானா கூட்டிக் குடுத்து ஆர்பிஎம்மைப் பிடிச்சு வைக்கும்.

சால்டர்புகை: அந்த "ஒருத்தர்" நான்தான். பேரைச் சொல்லியே எழுதலாமே. 40 தடவைக்கு மேல பறந்தாச்சு, எல்லாம் ட்ரோன் ஈஎஸ்சிலதான். கடைசி நிமிஷத்துலயும் அதே வேகம். நல்ல பேட்டரி வாங்குங்க, வோல்ட் இறங்காது.

லூப்64: இறங்காத லிப்போவை யாரும் இன்னும் செய்யல. செல்லுக்கு 4.2-லேர்ந்து 3.7 வந்தாலே 12 சதவீதம் போச்சு. ப்ரொப்பெல்லரோட இழுவை ஆர்பிஎம்மோட வர்க்கத்துல குறையும், அஞ்சுல ஒரு பங்கு காலி. 20 மீட்டர் லைன்ல சுத்து 5.3 நொடின்னா, பிளேனோட எடையைப் போல கிட்டத்தட்ட 3 மடங்கு இழுப்பு கையில இருக்கும். அதுவே 6 நொடியானா 2.2 மடங்கு. தலைக்கு மேல போனா அதுலயும் ஒரு மடங்கைப் புவியீர்ப்பு எடுத்துக்கும். லைன் தளர்ந்தா பிளேன் கைக்கு அடங்காது. வரிசையா வித்தை காட்டுற ஸ்டன்ட் பேட்டர்ன்ல, தலைக்கு மேல போடுற ஓவர்ஹெட் எட்டும் நாலு இதழ் க்ளோவர் லீஃபும் எப்ப வருது? கடைசியில. பேட்டரி சோர்ந்த நேரத்துல.

சால்டர்புகை: கணக்கு வாத்தியாருக்கு வணக்கம். 6 நொடி ஆனதைப் பார்த்தீங்களா? என்னோடது ஆகல. என் ட்ரோன் கவர்னர் இல்லாமதான் காத்துல ஆடாம நிக்குது.

லூப்64: ட்ரோனை ஆடாம நிறுத்துறது ஃப்ளைட் கண்ட்ரோலர். கண்ட்ரோல் லைன்ல அது எங்க இருக்கு? இது தெரியாமதான் ஊருக்கு அட்வைஸா?

ஏர்விங்கேடட்: என்சிசி ஏர் விங்ல நாங்க டீசல் இன்ஜின்ல சுத்தினப்ப கவர்னர்னு ஒரு வார்த்தையே கேட்டதில்ல. காது, மணிக்கட்டு, அவ்வளவுதான். இப்ப எல்லாத்துக்கும் ஒரு சர்க்யூட் வேணும்.

லூப்64: அண்ணே, உங்க மேல மரியாதை உண்டு. ஆனா இன்ஜின்லயே அந்த வேலை நடந்துச்சு. ஸ்டன்ட்டுக்கு ரிச்சா, அதாவது எரிபொருள் கூடுதலா வெச்ச கிளோ இன்ஜின் (சூடான கம்பி பிளக்ல எரியறது), மூக்கைத் தூக்கினதும் எரிபொருள் குறைஞ்சு லீனாகி, ஒரு சுத்து விட்டு வெடிக்குற ஃபோர் ஸ்ட்ரோக்லேர்ந்து சுத்துக்குச் சுத்து வெடிக்குற டூ ஸ்ட்ரோக்குக்குத் தாவும், ஏத்தத்துல பவர் வரும். ஸ்லோவாக்கியாவின் ஸ்டன்ட் பைலட் இகோர் பர்கர் டைமர்ல ஆக்ஸிலரோமீட்டர் (முடுக்கத்தை அளக்குற சென்சார்) வெச்சது எதுக்கு? ஏறும்போது கூட்டி, இறங்கும்போது குறைக்கத்தான்.

ஏர்விங்கேடட்: நான் சொன்னது டீசல். நீங்க பதில் சொல்றது கிளோவுக்கு. எழுதினதை முதல்ல படிங்க தம்பி.

புதுஇறக்கை: அண்ணாக்களா, 4எஸ்ல 10,000 ஆர்பிஎம் வேணும். 760 கேவி மோட்டார் எடுக்கவா, 850-ஆ?

லூப்64: 850. கேவின்னா ஒரு வோல்ட்டுக்கு இத்தனை ஆர்பிஎம்னு அர்த்தம். 14 வோல்ட்ல 11,900 வரும், கவர்னர் கூட்டிக் குடுக்க இடம் இருக்கும். 760-ன்னா வெறும் 10,640, லோடு விழுந்தா கவர்னரால ஒண்ணும் முடியாது. ஹெலிகாப்டர் கவர்னர் இருக்குற 60 ஆம்ப் ஈஎஸ்சி வாங்கு. பேட்டரி இறங்கினா மோட்டாரை நிறுத்துற லோ வோல்டேஜ் கட் ஆஃபை ஆஃப் பண்ணிடு, வெர்டிகல் எட்டு நடுவுல மோட்டார் நின்னா அவ்வளவுதான். மோட்டாரை நிறுத்துறது டைமர் வேலை.

சால்டர்புகை: 30 ஆம்ப் இழுக்குற மோட்டாருக்கு 60 ஆம்ப்! எடையை யார் தூக்குறது?

லூப்64: பாதி த்ராட்டில்ல ஈஎஸ்சி கூடுதலா சூடாகும், மூடின மூக்குக்குள்ள காத்தும் பத்தாது. தம்பி, வயரை நீட்டணும்னா மோட்டார் பக்கம் நீட்டு, பேட்டரி பக்கம் வேண்டாம். ஒருத்தர் பேட்டரி பக்கம் ஒரு முழம் நீட்டி கெப்பாசிட்டர் வெடிச்சது ஞாபகம் இருக்கு.

சால்டர்புகை: அது மலிவு கெப்பாசிட்டர், வயர் காரணமில்ல. அதை இங்க எதுக்கு இழுக்குறீங்க? என்கிட்ட வாங்கின 11க்கு 5.5 இன்ச் ப்ராப்பை (ப்ரொப்பெல்லர்) முதல்ல திருப்பிக் குடுங்க. ஏழு மாசமாச்சு.

லூப்64: அது விளிம்புல பிளந்த ப்ராப். இழுக்குறதும் நானில்ல. போன ஞாயிறு நீங்க போட்ட வீடியோவை ஸ்டாப் வாட்ச் வெச்சுப் பார்த்தேன். ரெண்டாவது சுத்து 5.2, இறங்குறதுக்கு முந்தின லெவல் சுத்து 5.8.

சால்டர்புகை: அன்னிக்குக் காத்து.

லூப்64: காத்து ஒரு பக்கம் தள்ளினா மறுபக்கம் எதிர்க்கும். முழுச் சுத்துக்கு அரை நொடிக்கு மேல எப்படிக் கூடும்?

சால்டர்புகை: காத்துன்னு சொல்லிட்டேன். ப்ராப் எப்ப வரும்?

ஏர்விங்கேடட்: டீசலுக்கு இன்னும் பதில் வரல.