புதுப்பிப்பு: கல்லீரல் சுருக்கம், கிரியேட்டினின் ‘நார்மல்’, ஆனால் சிறுநீர் குறைவு

கல்லீரல் சுருக்கம் (சிரோசிஸ்) உள்ள அப்பாவுக்குச் சிறுநீர் குறைந்தும் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு; இரத்தத்தில் அதன் அளவை வைத்துச் சிறுநீரகத்தை மதிப்பிடுவார்கள்) ‘நார்மல்’ என்றே வருகிறதே என்று கேட்டிருந்தேன், பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. ஹெல்த்ஹப்பில் (சிங்கப்பூரின் மருத்துவப் பதிவுத் தளம்) பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிடச் சொன்ன அக்காவின் யோசனைதான் கைகொடுத்தது. ஒரே வாரத்தில் கிரியேட்டினின் 62 மைக்ரோமோலிலிருந்து 98 ஆகியிருந்தது. வரம்புக்குள்தான், ஆனால் ஒன்றரை மடங்குக்கு மேல். தசை கரைந்தவர்களுக்கு அந்த எண் குறைத்தே காட்டுமாம். 48 மணி நேரத்தில் 26.5 கூடினாலே சிறுநீரகப் பாதிப்பு என்றார் டாக்டர்.

ஸ்கேனில் சிறுநீர்ப் பாதையில் அடைப்பில்லை. நீர் மாத்திரையை நிறுத்தி அல்புமின் என்ற புரதத்தை ஏற்றினார்கள். எதிர்பாராதது, வயிற்றில் தேங்கிய நீரில் கிருமித்தொற்று. காய்ச்சலோ வலியோ துளியும் இல்லை! வயிறு வீங்கியவர்களுக்குச் சிறுநீர் குறைந்தால் அந்த நீரைச் சோதிக்கச் சொல்லிக் கட்டாயம் கேளுங்கள். ஆன்டிபயாடிக்கும் சேர்ந்ததில் இப்போது கிரியேட்டினின் 70. ஹெபடோரீனல் சின்ட்ரோம் (கல்லீரல் நோய் முற்றிச் சிறுநீரகம் செயலிழப்பது) இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.