கோடைப் பயிற்சி: ஒரே நிலக்கரிக்கு இரண்டு கார்பன் கணக்கு வருகிறது, எதை எழுதுவது?

தண்டையார்பேட்டை மாணவி:

எல்லோருக்கும் வணக்கம். மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு முடித்துவிட்டு, இந்தக் கோடையில் ஒரு மின் உற்பத்தி நிறுவனத்தில் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். காலையில் கும்மிடிப்பூண்டி வண்டி பிடித்து, அத்திப்பட்டு புதுநகரில் இறங்கி ஷேர் ஆட்டோவில் போகிறேன். நிலக்கரியில் ஓடும் ஒரு யூனிட் (கொதிகலனும் டர்பைனும் சேர்ந்த ஒரு மின் உற்பத்தித் தொகுதி) கடந்த நிதியாண்டில் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றியது என்று மாதவாரியாகக் கணக்கிட்டு அறிக்கை கொடுப்பதுதான் எனக்குத் தந்திருக்கும் வேலை.

இரண்டு வழியில் போட்டுப் பார்த்தேன். முதல் வழியில், மாதம் எரித்த நிலக்கரியின் எடையை லேப் தாளில் உள்ள கார்பன் சதவீதத்தால் பெருக்கி, வந்ததை 44/12 ஆல் (கார்பன் டை ஆக்சைடுக்கும் கார்பனுக்கும் உள்ள எடை விகிதம்) பெருக்கினேன். இரண்டாவது வழியில், மத்திய மின்சார ஆணையத்தின் கார்பன் தரவுத்தளத்தில் இதே நிலையத்துக்குக் கொடுத்திருக்கும் விகிதத்தை (ஒரு யூனிட் மின்சாரத்துக்கு, அதாவது ஒரு கிலோவாட் மணிக்கு, எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு) எடுத்து, யூனிட்டின் நிகர உற்பத்தியோடு (நிலையம் தானே செலவழித்தது போக வெளியே அனுப்பிய மின்சாரம்) பெருக்கினேன். எல்லா மாதமும் முதல் விடைதான் அதிகம். சாதாரண மாதங்களில் 8, 9 சதவீதம் கூடுதலாக வருகிறது. அக்டோபர், நவம்பரில் வித்தியாசம் இன்னும் பெரிது.

எனக்கு வழிகாட்டும் அதிகாரி நல்லவர். "எதை வேணா போடும்மா, ஆனா ஏன்னு கேட்டா சொல்லத் தெரியணும்" என்கிறார். எனக்கோ காரணம் தெரியாமல் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மனசு வரவில்லை. என் பாட்டி வீடு எர்ணாவூரில். புகைபோக்கி பக்கத்திலேயே வாழ்ந்தவர்களுக்கு நடுவில் வளர்ந்த பெண் நான். இந்த எண் சரியாக இருக்க வேண்டும் என்று உண்மையாகவே நினைக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் எங்கே தேடுவது என்று சொன்னால் போதும், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மணலி எரிசக்தி ஆடிட்டர்:

நிகர உற்பத்தியை எடுத்தது நல்லது. நிறைய பேர் மொத்த உற்பத்தியைப் போட்டுவிடுவார்கள். நிலக்கரி அரைக்கும் மில், ஃபேன், பம்ப் எல்லாம் நிலையத்துக்குள்ளேயே தின்னும் மின்சாரம் 210 மெகாவாட் யூனிட்டில் 8, 9 சதவீதம் வரை போகும். அந்த ஆணையத்தின் விகிதம் நிகரத்துக்கு உரியது.

இன்னொன்றையும் பாருங்கள். அந்தத் தரவுத்தளத்தில் இந்தியக் கிரிட் (நாடு தழுவிய மின் கட்டமைப்பு) முழுவதற்குமான சராசரி ஒன்று இருக்கும், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 0.7 கிலோ அளவில். நீர், அணு, காற்று, சூரிய மின்சாரம் எல்லாம் அதில் கலந்திருக்கிறது. வெளியிலிருந்து மின்சாரம் வாங்கும் தொழிற்சாலைக்குத்தான் அது பொருந்தும். நிலக்கரி நிலையத்தின் சொந்தக் கணக்கில் அதைத் தொடவே கூடாது. அப்புறம், ஐ.பி.சி.சி. (ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழு) அட்டவணைக் காரணிகளைப் பயன்படுத்துவதாக இருந்தால், அவை நிகர வெப்ப மதிப்புக்கு (நீராவியோடு போகும் வெப்பத்தைக் கழித்தது) உரியவை. நம் லேப்கள் கொடுப்பது ஜி.சி.வி., அதாவது மொத்த வெப்ப மதிப்பு. மாற்றாமல் பெருக்கினால் நம் ஊர் நிலக்கரிக்கு சுமார் 6 சதவீதம் கூடிவிடும்.

மீஞ்சூர் கெமிஸ்ட், ஓய்வு:

அம்மா, அக்டோபர், நவம்பரில் வித்தியாசம் கூடுகிறது என்று எழுதினாயே, விடை அந்த வரியிலேயே இருக்கிறது. மழை. உன் முதல் கணக்கில் ஈரம் புகுந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். நிலக்கரி லேபில் பல வருஷம் வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

லேபுக்கு வரும் நிலக்கரியை அரைத்து 212 மைக்ரான் சல்லடையில் சலித்து, அறைக் காற்றில் ஆறவிட்டுத்தான் பகுப்பாய்வு செய்வோம். அப்போது மேல் ஈரம் எல்லாம் போய்விடும். உள்ளே கட்டுண்டு கிடக்கும் ஈரம் மட்டும் நிற்கும். அந்தத் தாளில் வரும் கார்பன் சதவீதம் காற்றில் உலர்ந்த நிலக்கரிக்கு உரியது. நீ பெருக்கிய எடை எங்கிருந்து வந்தது? கன்வேயர் பெல்ட்டின் எடைக்கருவியிலிருந்தோ, மில்லுக்கு நிலக்கரி தள்ளும் ஃபீடரிலிருந்தோ வந்திருக்கும். அங்கே போவது ஈரமான நிலக்கரி. ஒடிசாவின் தால்ச்சர் சுரங்கங்களிலிருந்து பாரதீப் துறைமுகம் வழியாகக் கப்பலில் எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்கு வந்து, கன்வேயரில் ஏறி, யார்டில் கொட்டி, தூசி பறக்காமல் இருக்கத் தண்ணீர் அடித்த நிலக்கரி. ஈர எடையை உலர் சதவீதத்தால் பெருக்கினால், தண்ணீரையும் கரியாக எண்ணியதாகிவிடும்.

ஓர் உதாரணம் போடுகிறேன், எண்கள் புரிதலுக்காக மட்டும். தாளில் கார்பன் 41 சதவீதம், உள் ஈரம் 6 சதவீதம், எரிக்கும் இடத்தில் எடுத்த மொத்த ஈரம் 14 சதவீதம் என்று வைத்துக்கொள். 41 ஐ (100 − 14) ஆல் பெருக்கி (100 − 6) ஆல் வகுத்தால் 37.5 வரும். அதுதான் ஈரத்தோடு எரியும் நிலக்கரியின் உண்மையான கார்பன். 1 லட்சம் டன்னுக்கு, 41 என்று போட்டால் 1,50,333 டன் கார்பன் டை ஆக்சைடு. 37.5 என்று போட்டால் 1,37,500 டன். உன் 9 சதவீதம் இதோ. ஐப்பசி மழையில் மொத்த ஈரம் 18 க்குப் போனால் கார்பன் 35.8 ஆகிவிடும், வித்தியாசம் 14 சதவீதத்தைத் தாண்டும்.

ஆகவே லேபுக்குப் போய் மூன்று விஷயம் கேள். கார்பன் எந்த அடிப்படையில் கொடுக்கப்பட்டது, மொத்த ஈரத்துக்கான மாதிரி எங்கே எடுத்தது, எந்த ஷிப்டில் எடுத்தது. எடையும் ஈரமும் ஒரே இடத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும். துறைமுகத்தில் எடுத்த ஈரத்தை ஃபீடர் எடையோடு சேர்க்காதே, நடுவில் யார்டில் மழையும் வெயிலும் விளையாடியிருக்கும்.

அடுத்தது, கார்பன் பகுப்பாய்வு தினமும் நடக்காது. பல இடங்களில் மாதக் கூட்டு மாதிரியை வெளி லேபுக்கு அனுப்பி வாங்குவார்கள். ஜி.சி.வி. மட்டும் தினமும் இருக்கும். கார்பனும் ஜி.சி.வி.யும் கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும், ஒரே சுரங்கத்து நிலக்கரி என்றால் இன்னும் நெருக்கமாகப் போகும். கார்பன் உள்ள மாதங்களை வைத்து ஒரு கோடு பொருத்தி, மற்ற மாதங்களுக்கு ஜி.சி.வி.யிலிருந்து மதிப்பிடு. எந்த மாதம் அளந்தது, எந்த மாதம் மதிப்பிட்டது என்று தனிப் பத்தி வைத்து எழுது. பயிற்சி அறிக்கையில் நான் முதலில் தேடுவது அந்தப் பத்தியைத்தான்.

கடைசியில் ஒரு சோதனை. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 0.7 கிலோ நிலக்கரி எரிந்தால், 37.5 சதவீதக் கார்பனில் 0.96 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும், அது மொத்த உற்பத்திக்கு. நிகரத்துக்கு மாற்றினால் 1.05 அளவில் நிற்கும். பழைய 210 மெகாவாட் யூனிட்டுக்கு இதைவிட வெகுதூரம் விலகினால் எங்கோ தவறுகிறது என்று அர்த்தம்.

வியாசர்பாடி சப்ஸ்டேஷன்காரர்:

கெமிஸ்ட் ஐயா சொன்னது முழுக்க நிலக்கரி. நான் சுவிட்ச்யார்டு பக்கத்திலிருந்து ஒரு வரி சேர்க்கிறேன். மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர்களில் எஸ்.எஃப்.6 (சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடு) வாயு இருக்கும். 100 ஆண்டுக் கணக்கில் அதன் ஒரு கிலோ 23,500 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம் என்பது ஐ.பி.சி.சி.யின் ஐந்தாம் அறிக்கை. 5 கிலோ கசிந்து, திரும்ப நிரப்பியிருந்தால் 117 டன்னுக்கு மேல். நிலக்கரிக்கு முன்னால் சிறியதுதான், ஆனாலும் கணக்கில் எழுத வேண்டியது. சிலிண்டர் நிரப்பிய பதிவேடு பராமரிப்புப் பிரிவில் இருக்கும், கேளுங்கள் தங்கச்சி.

காட்டுக்குப்பம் வாசகர்:

எனக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஆனால் ஒன்று கேட்கிறேன். கார்பன் எழுதிய அதே லேப் தாளில் சாம்பல் சதவீதமும் இருக்கும் இல்லையா? அந்தப் பத்தியை அழித்துவிடாதீர்கள். நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல் என்கிறார்கள். அப்படியானால் 1 லட்சம் டன் எரித்தால் 33,000 டன்னாவது எங்காவது போய்ச் சேர வேண்டும். கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் இறாலுக்கு இறங்கினால் சில இடங்களில் கால் சாம்பல் சேற்றில் புதைகிறது. புகை வானத்துக்குப் போகிறது, அதை உலகமே கணக்குப் பார்க்கிறது. சாம்பல் எங்கள் ஆற்றில் நிற்கிறது. மாதம் எவ்வளவு என்று ஒரு தாளில் இருந்தால், பேச எங்களுக்கு ஒரு பிடி கிடைக்கும்.

தண்டையார்பேட்டை மாணவி:

கெமிஸ்ட் சார், ரொம்ப நன்றி. இன்று லேபில் கேட்டேன். காற்றில் உலர்ந்த அடிப்படை என்று தாளின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கிறது. ஃபீடரில் எடுத்த மொத்த ஈரம் தனிப் பதிவேட்டில் இருக்கிறது, அதை எக்செல்லில் ஏற்ற ஆரம்பித்துவிட்டேன். ஏப்ரல், மே இரண்டு மாதமும் திருத்திப் போட்டதில் ஆணையத்தின் விகிதத்தோடு நெருங்கி வருகிறது.

காட்டுக்குப்பம் அண்ணா, சாம்பல் பத்தியை வைத்திருக்கிறேன். அறிக்கையின் இணைப்பில் மாதவாரியாகச் சேர்க்கலாமா என்று அதிகாரியிடம் கேட்டேன். "லேப் தாள்ல இருக்கிறதுதானே, சேரும்மா" என்றார். எஸ்.எஃப்.6 பதிவேட்டுக்கும் விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

கெமிஸ்ட் சாரிடம் இன்னொரு கேள்வி. சில மாதங்களில் இறக்குமதி நிலக்கரி கலந்திருக்கிறார்கள். தாளில் இரண்டுக்கும் தனித்தனியாகக் கார்பன் இருக்கிறது. சராசரி எடுத்தால் போதுமா?

மீஞ்சூர் கெமிஸ்ட், ஓய்வு:

வெறும் சராசரி கூடாது அம்மா. இரண்டையும் தனித்தனியாக ஈரத்துக்குத் திருத்தி, எரித்த டன்னின் விகிதத்தில் சேர்க்க வேண்டும். இந்தோனேசிய நிலக்கரி என்றால் சாம்பல் குறைவு, ஈரம் அதிகம், கார்பன் நம்முடையதைவிட நன்றாகவே கூடுதல். ஒரே ஈரத்தை இரண்டுக்கும் போட்டால் மறுபடி பழைய இடத்துக்கே வந்துவிடுவாய். மாதத்துக்கு எவ்வளவு வந்தது என்பதைக் கொண்டு விகிதம் போடாதே, வந்தது வேறு, எரித்தது வேறு. எந்த பங்கரில் (மில்லுக்கு மேலே உள்ள நிலக்கரித் தொட்டி) எது எவ்வளவு ஏற்றினார்கள் என்று நிலக்கரி கையாளும் பிரிவில் ஷிப்ட் வாரியாக எழுதி வைத்திருப்பார்கள், அதைக் கேட்டு வாங்கு. மதியம் இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறும், அந்த நேரத்தில் போனால் யாரும் நின்று பேச முடியாது. மூன்று மணிக்கு மேல் போ.