எல்லாத்துக்கும் மனுஷன்தான் காரணம்னா, எதைச் சரி பண்றது?

நீலவானம்:
லஞ்சம், பொதுப்பணக் கையாடல், விபத்து என எதை எடுத்தாலும் பேச்சு கடைசியில் "மனுஷனோட பேராசையும் அலட்சியமும்தான்" என்று வந்து நிற்கிறது. மறுக்கவும் முடியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு செய்ய வேண்டியது என்ன? ஆளைத் திருத்துவதா, ஏற்பாட்டைத் திருத்துவதா?

துலாக்கோல்:
பேராசை எல்லா இடத்திலும் உண்டு. ஒரு சங்கத்தில் பணம் காணாமல் போகிறது, இன்னொன்றில் போவதில்லை. இந்த வித்தியாசத்துக்குப் பேராசை விளக்கமாகாது.

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பல தரையிறங்கி ஓடும்போதே சக்கரம் மடங்கி வயிறு தட்டின. விமானியின் கவனக்குறைவு என்று எழுதி முடித்தார்கள். ஆல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் போய்ப் பார்த்தபோது, சக்கரத்துக்கும் ஃபிளாப்புக்கும் (இறக்கையின் பின்விளிம்பில் மடங்கும் தகடு) உரிய சுவிட்சுகள் பக்கத்துப் பக்கத்தில், ஒரே மாதிரி இருந்தன; விமானிகள் ஒன்றுக்குப் பதில் மற்றதைத் தட்டியிருந்தார்கள். ஒன்றின் முனையில் குட்டிச் சக்கரம், மற்றதில் ஆப்பு வடிவம் பொருத்தியதும் கை தானே வேறுபாட்டை உணர்ந்தது.

அடிக்கட்டை:
பணத்துக்கும் அதேதான். வசூலிப்பவர், பணத்தை வைத்திருப்பவர், கணக்கு எழுதுபவர் மூவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்கட்டும். ரசீதில் வரிசை எண் அச்சிட்டிருக்க வேண்டும். தப்பாக எழுதியதைக் கிழிக்காமல் "ரத்து" என்று எழுதிப் புத்தகத்திலேயே விட வேண்டும்.

உடைவது பெரும்பாலும் காசோலையில். இரண்டு கையெழுத்து என்று விதி இருக்கும். ஒருவர் வெளியூர் போகுமுன் வெற்றுக் காசோலைகளில் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். அன்றோடு அந்த விதி செத்தது. கெட்ட எண்ணம்கூட இல்லை, "அவரைச் சந்தேகப்படுவதா" என்ற கூச்சம்தான்.

ஆற்றுமணல்:
அந்தக் கூச்சமும் மனிதக் குறைதானே? ஏற்பாடு மட்டும் போதும் என்பதை நான் ஏற்கவில்லை. பொது மேய்ச்சல் நிலம், பாசன நீர் பற்றி ஆராய்ந்து 2009-ல் பொருளாதார நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், நீடித்து நின்ற இடங்களில் கண்டது இது: பயன்படுத்துவோருக்கு விதி வகுப்பதில் பங்குண்டு, கண்காணிப்பவர் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர், முதல் தவறுக்குத் தண்டனை சிறியது, திரும்பச் செய்தால் ஏறும். எடுத்த எடுப்பிலேயே ஆளை வெளியேற்றும் விதி என்றால், பார்த்தவர்களே வாய் திறக்க மாட்டார்கள்.

நீலவானம்:
கைப்பணத்தை யார் எண்ணுவது?

அடிக்கட்டை:
பணத்தைத் தொடாத இருவர், மாதம் ஒருமுறை, ஆளை மாற்றி மாற்றி. தேதியை முன்கூட்டிச் சொல்லாதீர்கள். சொன்னால் பெட்டியில் குறைகிற தொகையை அன்றைக்கு மட்டும் கைமாற்று வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள்.