ஆஸ்பத்திரி ஆக்ஸிஜன் எங்கிருந்து வருது?

கேள்வி: ஆஸ்பத்திரி பின்னாடி பெரிய வெள்ளை டேங்க் நிக்குதே, அந்த ஆக்ஸிஜனை எப்படி தயாரிக்கிறாங்க? தண்ணியில கரண்ட் விட்டு பிரிச்சா?

பதில்: இல்லீங்க, கரண்ட் பில் கட்டி மாளாது. எல்லாம் நம்ம காத்துதான், அதுல 21% ஆக்ஸிஜன் இருக்குல்ல, தூசி ஈரம் எல்லாம் எடுத்துட்டு அமுக்கி குளிர வச்சு திரவமாக்கி உயரமான டவர்ல விடுவாங்க, நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரிலயே கொதிச்சு ஆவியா மேல போயிடும், ஆக்ஸிஜன் கொதிக்க மைனஸ் 183 வரணும்ங்கிறதால அடியில தங்கிடும். லேசான நீல கலர்ல இருக்கும்.

இன்னொருத்தர்: காத்துல இருக்கிற இன்னொரு வாயு ஆர்கானை விட்டுட்டீங்களே ப்ரோ, அது கொதிக்கிறது மைனஸ் 186-ல, ஆக்ஸிஜனுக்கு ரொம்ப பக்கத்துல, அதை பிரிக்கிறதுதான் தலைவலி.

கேள்வி கேட்டவர்: அப்போ வீட்டுல வைக்கிற ஆக்ஸிஜன் மெஷின், அந்த கான்சன்ட்ரேட்டர்?

பதில்: அது வேற கதை. உள்ள சியோலைட்னு குருணை மாதிரி இருக்கும், காத்தை அழுத்தி விட்டா நைட்ரஜனை புடிச்சுக்கும், சுமார் 93% ஆக்ஸிஜன் வெளிய வரும். நடுநடுவுல புஸ்ஸுனு சத்தம் வருதுல்ல, புடிச்ச நைட்ரஜனை வெளிய தள்ளுறது அது.