எட்டு முழ வேட்டிக்கு கஞ்சி போடத் தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா

மதுரக்காரங்களுக்கு வணக்கம், ஒரு சின்ன உதவி. ஆவணில தம்பிக்கு கல்யாணம், தாத்தா மாதிரியே எட்டு முழம்தான் கட்டுவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான், ஒட்டிக்கோ வேட்டியெல்லாம் வேணாமாம். தாத்தா அப்பாவுக்கு சொல்லி அப்பா எங்களுக்கு சொன்னது இதுதான், வயித்த எக்கி இறுக்கி சொருகிட்டு மூச்ச விட்டா தானா பிடிச்சுக்கும் பெல்ட்டே வேணாம், கர கணுக்கால்ல நேரா விழணும், பெரியவங்க எதுக்க வந்தா மடிச்சுக் கட்டுனத எறக்கி விட்டுரணும். கட்டுறதுக்கு பழகிட்டான், கஞ்சிதான் சொதப்புது. சோறு வடிச்ச கஞ்சிய அப்டியே ஊத்துனோம், காஞ்சதும் அப்பளமா நிக்கிது, கரைல வெள்ள வெள்ளயா திட்டு வேற. வடிகட்டணுமா, எம்புட்டு தண்ணி, சொட்டு நீலமும் கூடவே விடலாமா, லேசா ஈரமா இருக்கப்பவே தேய்க்கணுமா? 1921ல காந்தி மேலமாசி வீதில வச்சு அரைவேட்டிக்கு மாறுன ஊருண்ணே, இங்க கஞ்சி போட ஆள் இல்லன்னா அசிங்கம்ல.

அப்புறம் உள்பை வச்ச பட்டாபட்டி தைக்கிற டெய்லர் யாராச்சும் இருக்காங்களா? புதுமண்டபத்துல இருந்தவங்க குன்னத்தூர் சத்திரத்துக்கு போயிட்டாங்கள்ல, அங்க எங்கிட்டு போய் கேக்க?