கோ-பே கார்டு இருந்தும் மே மாதம் வந்த 2,930 டாலர் பில்

எடிசன், நியூஜெர்சியிலிருந்து:

என் கணவருக்கு முடக்குவாதம். இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி போட வேண்டும். ஒரு மாத மருந்தின் விலை ஆறாயிரம் டாலருக்கு மேல். டாக்டரிடம் வேலை பார்க்கும் நர்ஸ்தான் மருந்துக் கம்பெனியே தரும் கோ-பே கார்டைப் பற்றிச் சொன்னார். மருந்துச் செலவில் நம் பங்கின் பெரும்பகுதியை நமக்குப் பதிலாக அந்தக் கார்டு கட்டும். அன்றைக்கே பதிவு செய்தோம். ஜனவரியில் 5 டாலர் கட்டினோம். ஐஸ் பை வைத்த தெர்மாகோல் பெட்டியில் மருந்து வாசலுக்கே வந்தது. ஃபிரிட்ஜில் மாவுப் பாத்திரத்தை நகர்த்தி அதற்கென்று ஓர் இடம் ஒதுக்கினேன். ஏப்ரல் வரை கவலையில்லை.

மே மாதம் பார்மசியிலிருந்து ஃபோன். 2,930 டாலர் கட்டினால்தான் அனுப்புவார்களாம். எனக்கு ஒன்றுமே புரியவில்லை. எங்கள் இன்சூரன்ஸ் பிளானில் டிடக்டிபிள், அதாவது இன்சூரன்ஸ் கொடுக்கத் தொடங்குமுன் ஆண்டுதோறும் நாமே கட்ட வேண்டிய தொகை, 3,000 டாலர். அதைத் தாண்டினால் மருந்துச் செலவு முழுவதும் இன்சூரன்ஸுடையது. அது ஜனவரியிலேயே முடிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தோம்.

இன்சூரன்ஸுக்கு ஃபோன் போட்டு நாற்பது நிமிடம் காத்திருந்த பிறகு பதில் கிடைத்தது. கார்டு கட்டிய பணம் டிடக்டிபிளில் சேராதாம். நாங்கள் கையிலிருந்து கட்டியது மட்டும்தான் கணக்காம். நான்கு மாதத்தில் நாங்கள் கட்டியது வெறும் 20 டாலர். கார்டின் ஆண்டு வரம்பான 12,000-இல் 11,950 கரைந்திருந்தது. யோசித்துப் பாருங்கள். ஜனவரியில் கார்டு கொடுத்த 2,995 டாலரைச் சேர்த்திருந்தால் ஆண்டு முழுக்க எங்களுக்கு வேறு செலவே இல்லை. அந்தப் பணத்தால் இன்சூரன்ஸ்காரர்களின் செலவு குறைந்தது, ஆனாலும் டிடக்டிபிளை எங்களையும் கட்டச் சொன்னார்கள். நோயாளிக்கென்று வந்த பணம் நோயாளியின் கணக்கில் ஏறாதது அநியாயம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். இதற்கு 'கோ-பே அக்யூமுலேட்டர்' என்று பெயராம், அன்றைக்குத்தான் தெரிந்தது.

பணம் புரட்டுவதற்குள் ஒரு ஊசி தவறிப்போனது. இவருக்கு விரல் முட்டிகள் வீங்கி, காலையில் சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிட்டேன். அப்புறம் அந்த நர்ஸே ஒரு சாம்பிள் ஊசி தேடிக் கொடுத்தார். அவரை மறக்க மாட்டேன்.

கார்டு வாங்குகிறவர்கள் முதலில் இன்சூரன்ஸைக் கூப்பிட்டு, "கார்டு கட்டும் பணம் என் டிடக்டிபிளில் சேருமா?" என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். கார்டின் ஆண்டு வரம்பு எவ்வளவு, இதுவரை எவ்வளவு போயிருக்கிறது என்று மாதாமாதம் பார்த்துக்கொள்ளுங்கள்.

டாலஸிலிருந்து:

அக்கா, படிக்கவே கஷ்டமாக இருந்தது. அப்பாவுக்கு மெடிகேர், முக்கியமாக 65 வயதானவர்களுக்கான அரசு இன்சூரன்ஸ். ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை சாப்பிடுகிறார். நானும் கார்டுக்கு விண்ணப்பிக்கப் போனேன். அரசு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று படிவத்தில் ஒரு கேள்வி வந்தது. 'இல்லை' என்று போட்டுவிடு என்று நண்பர் சொன்னார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மெடிகேரோ, வருமானம் குறைந்தவர்களுக்கான மெடிகெய்டோ உள்ளவர்களுக்கு இந்தக் கார்டு செல்லாது. கூட்டாட்சிச் சட்டமே தடுக்கிறது.

ஆனால் வேறு வழி உண்டு. 2025 முதல் மெடிகேரின் மருந்துப் பிரிவான பார்ட் டி-யில் வரும் மருந்துகளுக்கு ஆண்டுக்கு 2,000 டாலருக்கு மேல் கையிலிருந்து கட்ட வேண்டியதில்லை. 2026-இல் அது 2,100. அதையும் மாதத் தவணையாகக் கட்டலாம். அப்பா அப்படித்தான் கட்டுகிறார். வருமானம் குறைவென்றால் 'எக்ஸ்ட்ரா ஹெல்ப்' என்ற அரசு உதவி கிடைக்குமா என்று பாருங்கள். மருந்துக் கம்பெனிகள் இலவசமாகவே மருந்து தரும் திட்டம் தனி. சில கம்பெனிகள் அதில் மெடிகேர்காரர்களையும் சேர்த்துக்கொள்கின்றன.

வர்ஜீனியாவிலிருந்து:

எங்கள் மாநிலத்தில் கார்டுப் பணத்தையும் டிடக்டிபிளில் சேர்க்க வேண்டும் என்று 2019-இலேயே சட்டம் வந்துவிட்டது. அந்தத் தைரியத்தில் இருந்தேன். எனக்கும் சேர்க்கவில்லை. விசாரித்தால், என் கம்பெனி 'செல்ஃப் ஃபண்டட்' பிளான் வைத்திருக்கிறது. ஊழியர்களின் செலவைக் கம்பெனியே ஏற்கிறது, இன்சூரன்ஸ் கம்பெனி கணக்கு மட்டும் பார்க்கிறது. அந்த மாதிரி பிளான்களை மாநிலச் சட்டம் கட்டுப்படுத்தாது. பெரிய ஐ.டி. கம்பெனிகளில் பெரும்பாலும் இதுதான். அதனால் இன்சூரன்ஸோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு ஹெச்.ஆரிடம் போனேன். விதியை வைப்பதும் மாற்றுவதும் கம்பெனி கையில்தான். மூன்று பேர் சேர்ந்து எழுதினோம். அடுத்த ஆண்டுக்கான பிளானில் கார்டுப் பணம் சேராது என்ற விதியை எடுத்துவிட்டார்கள்.

எடிசனிலிருந்து மறுபடியும்:

தம்பி, இவருடையதும் செல்ஃப் ஃபண்டட் பிளான்தான், இப்போதுதான் பிளான் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் மூவரும் எழுதிய கடிதத்தை, பெயர்களை நீக்கிவிட்டு இங்கே போட முடியுமா? நவம்பரில் பிளான் மாற்றும் நேரம் வருகிறது, அதற்குள் கொடுக்க வேண்டும்.